விழாத தாழ்ப்பாள்

ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே பேச்சு இருந்தாக வேண்டும். ஆற்றில் வெள்ளம் வருகிறதென்றால் கரையோரத்து வீட்டுக்காரன் கூவ வேண்டும்; அந்தக் கூவல் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும்; வெள்ளம் வடிந்த பிறகு, "போதும், இனி அவரவர் வேலையைப் பார்க்கலாம்" என்று யாராவது சொல்லவும் வேண்டும். கூவத் தெரிந்து நிறுத்தத் தெரியாத ஊர், வெள்ளம் வந்து சேருமுன் கூச்சலாலேயே பாழாய்ப் போய்விடும்.

மனித சரீரமும் ஓர் ஊர்தான். 'செல்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஜீவ அணுக்களே அதன் குடிகள். ஒருவர் உடலில் சுமார் 30 லட்சம் கோடி ஜீவ அணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் பாரத தேசத்தைப் போல் இருபதினாயிரம் தேசங்களின் ஜனத்தொகையை ஒரே தோலுக்குள் அடைத்து வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கும் வாய் கிடையாது, காது கிடையாது. பெரும்பாலோர் பிறந்த இடத்தை விட்டு நகர்வதுகூடக் கிடையாது. அப்படியிருந்தும், கண் ஓர் அபாயத்தைக் கண்ட சில விநாடிக்குள் இருதயம் விரைந்து அடிக்கிறது. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து சர்க்கரையை அளக்கிறது. குடல் தன் வேலையை ஒத்திவைக்கிறது. யார் இவர்களுக்குச் சேதி சொன்னது?

நரம்புதான் சொன்னது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் பண்டிதர்கள் நம்பியிருந்தார்கள். நரம்பு தந்திக் கம்பி. மூளை தந்தி ஆபீஸ். வேறு வழி இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

1902-ஆம் வருஷம் ஜனவரி மாதம் லண்டன் யுனிவர்ஸிடி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். பேலிஸ், ஸ்டார்லிங்கின் சகோதரியை மணந்தவர். மைத்துனர் இருவர் சண்டையில்லாமல் ஒரு காரியத்தை முடித்தார்கள் என்பதையே சிலர் பெரிய விஞ்ஞான அதிசயமாகக் கொள்ளக்கூடும், அது கிடக்கட்டும். இரைப்பையிலிருந்து புளித்த உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும், சற்று எட்ட இருக்கும் கணையம் ஜீரண நீரைச் சுரந்து அனுப்புகிறது. உணவு வந்த சேதி கணையத்துக்கு எப்படித் தெரிந்தது? ருஷ்யப் பேராசிரியர் பாவ்லவ் உள்பட எல்லோரும் நரம்பின் வேலை என்றே சொல்லி வந்தார்கள். மைத்துனர் இருவரும் மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் குடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அப்பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். கம்பி அறுந்து கிடக்கிறது. தந்தி போகக் கூடாது. ஆனால் கணையம் வழக்கம்போல் சுரந்தது! உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலமும் மணலும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்த நீரை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அப்போதும் சுரந்தது. கம்பி இல்லை, ஆபீஸ் இல்லை. குடலின் அணுக்கள் ஏதோ ஒரு ரஸாயனப் பொருளைச் செய்து ரத்த ஓட்டத்தில் மிதக்கவிட, அதுவே கடிதமாகப் போய்க் கணையத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறது. பாவ்லவ் தம் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். கண்ணால் கண்டதும் கட்சியை விடுவது பெரிய மனிதர்களுக்கே உரிய குணம். இவ்விதக் கடிதங்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். 'எழுப்பிவிடுவது' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

கடிதம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் மிதந்து வரும் கடிதம் எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டுதானே போகிறது? ஒரு வீடு திறக்கிறது. பக்கத்து வீடு ஏனென்று கேட்பதில்லை. காரணம் வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு ஜீவ அணுவையும் சூழ்ந்து கொழுப்பாலான மெல்லிய ஜவ்வு ஒன்று உண்டு. அதுவே வீட்டின் சுவர். அந்தச் சுவரில் உள்ளும் புறமும் நீட்டிக்கொண்டு சில புரதங்கள் பதிந்திருக்கின்றன. இவற்றை 'ரிஸப்டர்' என்கிறார்கள்; நம் பாடப் புத்தகங்களில் 'ஏற்பி' என்று எழுதுகிறார்கள். நாம் வாயிற்காப்போன் என்று அழைத்தால் குற்றமில்லை. ஒவ்வொரு காப்போனும் ஒரே ஒரு ஜாடையை அறிவான். அந்த ஜாடைக்குப் பொருந்திய ரஸாயனம் வந்து அவன் கையில் அமர்ந்தால் அசைவான். மற்ற எது வந்தாலும் கல்லாய் நிற்பான். மனித உடலில் ஒரே வம்சத்தைச் சேர்ந்த காப்போர்களில் மட்டும் சுமார் 800 வகை உண்டு. இந்த வம்சத்தின் உருவையும் செயலையும் விளக்கியதற்காக அமெரிக்கர்களான ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துக் கடைகளில் இன்று விற்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் காப்போர்களோடு பேசியே வேலை செய்கின்றன.

காப்போனை ஏமாற்றவும் முடியும். நம் வீடுகளில் தினந்தோறும் காலையில் அதுதான் நடக்கிறது. மூளையின் அணுக்கள் உழைக்க உழைக்க 'அடினோஸின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய காப்போனிடம் வந்து அமர்ந்து, "உழைத்தது போதும், உறங்கு" என்று சொல்லும். காபியிலுள்ள காஃபீன் உருவத்தில் அடினோஸினுக்குக் கொஞ்சம் உறவு. அது முந்திக்கொண்டு வந்து அதே ஆசனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சேதி மட்டும் சொல்வதில்லை. உண்மையான தூதன் வெளியே நின்று தவிக்கிறான். கும்பகோணம் டிகிரி காபியின் மகிமையில் பாதி, இப்படிப் பிறர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருப்பதுதான்.

இது விளையாட்டு மோசடி. உயிரைக் குடிக்கும் மோசடி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இந்த வாரம் இவ்வளவு பீடிகை. ஆனால் அதற்கு முன் வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது.

குழந்தை கிணற்றங்கரையில் எட்டிப் பார்ப்பதைத் தாய் காண்கிறாள். அவளுடைய மூத்திரக் கோசங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது கல்லீரல் வாசலுக்கு வருகிறது. உள்ளே சர்க்கரை அளக்கிறார்கள். கடிதம் உள்ளே போனதா, வாசலிலேயே நின்றதா? ஏர்ல் ஸதர்லாண்ட் என்ற அமெரிக்கர் 1950-களில் கிளீவ்லாந்து நகரில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். கல்லீரலை அரைத்து, அணுக்களின் சுவர்த் துண்டுகளைத் தனியாகவும் உள்ளிருந்த சாற்றைத் தனியாகவும் பிரித்தார். சாற்றில் அட்ரினலினை விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. சுவர்த் துண்டுகளில் விட்டார். அங்கே ஏதோ ஒரு புதுப் பொருள் உண்டாயிற்று. அந்தப் பொருளை எடுத்துச் சாற்றில் சேர்த்தார். சர்க்கரையை விடுவிக்கும் வேலை தொடங்கிவிட்டது! கொதிக்க வைத்தாலும் அந்தப் பொருள் கெடவில்லை. எனவே அது புரதமல்ல, மிகச் சிறியதொரு ரஸாயனம் என்று தெரிந்தது. 1958-க்குள் அது இன்னதென்று கண்டு 'ஸைக்ளிக் ஏ. எம். பி.' என்று பெயர் வைத்தார்கள். ஆக, அட்ரினலின் வாசலோடு சரி. வீட்டுக்குள் ஓடுகிறவன் வேறொருவன். அவனை 'இரண்டாம் தூதன்' என்று ஸதர்லாண்ட் அழைத்தார். கடிதம் ஒன்றுதான் வருகிறது. உள்தூதர்கள் எண்ணற்றோர் புறப்படுகிறார்கள். ஒரு கிசுகிசுப்பு உள்ளே முரசாகிவிடுகிறது. ஸதர்லாண்டுக்கு 1971-இல் நோபல் பரிசு தந்தார்கள். அந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடியும் அது வரும்.

வாயிற்காப்போனுக்கும் இரண்டாம் தூதனைத் தயாரிக்கும் பட்டறைக்கும் நடுவில் இன்னொரு புரதம் இருக்கிறது. மார்ட்டின் ராட்பெல், ஆல்ஃப்ரெட் கில்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதைக் கண்டு விளக்கி 1994-இல் பரிசு பெற்றார்கள். 'ஜி புரதம்' என்பது அதன் பெயர். பழைய வீட்டுக் கதவுகளில் மேலே தூக்கினால் திறந்து, கையை எடுத்தால் தன் பாரத்தாலேயே விழுந்துவிடும் தாழ்ப்பாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜி புரதம் அந்தத் தாழ்ப்பாள்தான். வாயிற்காப்போன் அசைந்ததும் அது மேலே எழும்புகிறது. பட்டறை ஓடத் தொடங்குகிறது. இரண்டாம் தூதர்கள் புறப்படுகிறார்கள். சில விநாடிகளில், யாரும் சொல்லாமலே, அது தானாக விழுகிறது. பட்டறை நிற்கிறது. அனுப்பிய தூதர்களைச் சிதைத்துப் போடவும் வீட்டுக்குள் ஏற்பாடு உண்டு. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட சிறிது நேரத்தில் தாயின் நெஞ்சு படபடப்பு அடங்குவது இதனால்தான். படபடப்பு வருவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டுமோ, அடங்குவதற்கும் அவ்வளவு வேண்டும்.

தாழ்ப்பாள் விழாமற் போனால்?

வாந்திபேதி என்று பெயரைச் சொல்லவே நம் முன்னோர் அஞ்சிய காலரா நோய்க்கு விடை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. காலை நன்றாக இருந்தவன் மாலையில் மயானத்தில் இருந்த காலம் அது. அரிசி கழுவிய நீர் போல் பேதியாகும். கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையில் உடலின் நீர் வெளியேறும். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, குரல் தேய்ந்து, ரத்தம் குழம்பாகிக் கடைசியில் ஓட முடியாமல் நின்றுவிடும். ஜெர்மானியரான ராபர்ட் காக் 1883-ஆம் வருஷ முடிவில் கல்கத்தாவுக்கு வந்து, அடுத்த வருஷத் தொடக்கத்தில் இந்த நோய்க்குக் காரணம் 'கமா' போல் வளைந்த ஒரு கிருமி என்று நிலைநாட்டினார். குற்றவாளியின் பெயர் தெரிந்துவிட்டது. குற்றத்தை எப்படிச் செய்கிறான் என்பது தெரியவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் தெரியவில்லை! கிருமியின் உடம்புக்குள்ளேயே விஷம் இருக்கிறது, அது செத்துச் சிதையும்போது விஷம் ரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்கிறது என்பதே மேல்நாட்டில் பெரும்பாலோர் கட்சி. அதனால் கிருமியைப் பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் குத்திக் குத்திப் பார்த்தார்கள். பிராணிகள் செத்தன; ஆனால் வாந்திபேதியால் சாகவில்லை.

கல்கத்தாவிலேயே (இன்று கொல்கத்தா என்கிறார்கள்) ஒரு வங்காளி டாக்டருக்கு இது சரியாகப் படவில்லை. அவர் பெயர் சம்புநாத் டே. 1915-இல் ஹூக்ளி ஜில்லாவில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனுக்குப் போய், 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவர் நினைத்தது மிக எளிய நினைப்பு. நோயாளி அவதிப்படுவது குடலில். கிருமி குடியிருப்பது குடலில். நாமும் குடலில் அல்லவா தேட வேண்டும்?

முயலை எடுத்துக்கொண்டார். அதன் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டாமலே இரு பக்கமும் நூலால் கட்டினார். கட்டிய பகுதிக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் ஏற்றினார். அதே முயலின் வேறொரு துண்டைக் கட்டி, அதற்குக் கிருமியில்லாத வெறும் திரவத்தை ஏற்றினார். மறுநாள் திறந்து பார்த்தபோது வெறும் திரவம் ஏற்றிய துண்டு சுருங்கிக் கிடந்தது. கிருமி ஏற்றிய துண்டோ பலூன் போல் உப்பி, உள்ளே அரிசி கழுவிய நீர் நிரம்பியிருந்தது. இதை 1953-இல் வெளியிட்டார். அப்புறம் அடுத்த படி. கிருமி வளர்ந்த திரவத்தை, ஒரு கிருமிகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத தெளிவை மட்டும் ஏற்றினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி செத்துச் சிதைய வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே தன்னிடமிருந்து ஒரு விஷத்தை வெளியே விடுகிறது என்பது ருசுவாகிவிட்டது. 1959-ஆம் வருஷம் மே மாதம் 'நேச்சர்' என்ற பிரிட்டிஷ் சஞ்சிகையில் இரண்டு பக்கத்துக்குள் அந்தக் கட்டுரை அடங்கிவிட்டது. அதே வருஷம் பம்பாயில் தத்தா என்பவரும் அவருடைய தோழர்களும் முயற்குட்டிகளைக் கொண்டு இதை ஒத்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நூலும் ஊசியும் வடிகட்டியும் முயலும்! பெரிய யந்திரம் எதுவும் இல்லை. சரியான இடத்தில் தேட வேண்டும் என்ற புத்தி ஒன்றுதான் இருந்தது. உலகம் முழுவதும் எழுபது வருஷம் தவறான அறையில் விளக்கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த விஷத்தை 1969-இல் அமெரிக்காவில் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு அது செய்யும் சூழ்ச்சி படிப்படியாக வெளிப்பட்டது. விஷப் புரதத்துக்கு ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையமும், அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆறாவது துண்டு ஒன்றும் உண்டு. குடலின் உட்புறத்து அணுக்களின் சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொருள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது அணு தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருப்பது. வளையம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அணு ஏமாந்து விஷத்தை உள்ளே வாங்கித் தன் சொந்தப் பாதைகளிலேயே சுமந்து போகிறது. உள்ளே போனதும் ஆறாவது துண்டின் ஒரு பகுதி மட்டும் கழன்று, நேரே தாழ்ப்பாளிடம் வருகிறது. மேலே எழும்பிய தாழ்ப்பாள் கீழே விழ முடியாதபடி அதில் ஓர் ஆப்பை அடித்துவிடுகிறது! ஆப்புக்கு வேண்டிய மரத்தைக்கூடக் கிருமி கொண்டுவருவதில்லை. அணுவின் சொந்த ரஸாயனப் பொருள் ஒன்றை உடைத்தே அதைச் செய்கிறது. தாழ்ப்பாள் தானே விழும் சக்தியை இந்த விஷம் பறித்துவிடுகிறது என்பதை ஜெருசலேமில் காஸல், ஸெலிங்கர் என்ற இருவர் 1977-இல் காட்டினார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா? வாசலில் கடிதம் இல்லை, தூதன் இல்லை, அபாயம் எதுவும் இல்லை. ஆனாலும் பட்டறை இரவும் பகலும் ஓடுகிறது. இரண்டாம் தூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு, உப்பை வெளியே விடும் மதகுகளைத் திறக்கிறார்கள். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் போகும். ஊறுகாய் போடும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி ஜாடியில் வைத்தால் மறுநாள் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை, மாங்காய்க்குள் இருந்ததை உப்பு இழுத்தது. குடலிலும் அதே கதைதான். ரத்தத்திலிருந்து குடலுக்கு உப்பு. உப்பின் பின்னால் நீர். காலரா நோயாளியின் குடல் புண்ணாவதில்லை, அழுகுவதில்லை. ஒவ்வோர் அணுவும் நல்ல ஆரோக்கியத்தோடு, யாரோ இட்டதாக எண்ணிய உத்தரவைக் கர்மசிரத்தையாக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே ஆள் சாகிறான்.

ஒரு நல்ல செய்தி. சிறுகுடலின் உட்பூச்சு அணுக்களுக்கு ஆயுசு மூன்று முதல் ஐந்து நாள்தான். ஆப்பு அடிபட்ட அணுக்கள் உதிர்ந்து, நல்ல தாழ்ப்பாளுடன் புதியவை வந்துவிடும். அந்தச் சில நாள் மட்டும் நோயாளியின் உடலில் தண்ணீர் வற்றாமல் காப்பாற்றினால் அவன் பிழைத்துவிடுவான். ஆனால் எப்படிக் காப்பாற்றுவது? வெறும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் அது அப்படியே பேதியாகிவிடுகிறது. குடித்ததால்தான் போகிறது என்று பயந்து, தொண்டை வறண்டு கதறும் நோயாளிக்குத் தண்ணீரையே மறுத்த குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனையோ. ரத்தக் குழாயில் ஊசி மூலம் உப்பு நீர் ஏற்றலாம். அது ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு ஆகும்.

வீட்டுக்கு வேறொரு கதவும் இருந்தது. 1960-இல் ராபர்ட் கிரேன் என்பவர் குடலின் அணுக்களில் ஒரு விசித்திரமான வழி இருப்பதாகச் சொன்னார். அந்தக் கதவுக்குள் உப்பின் ஸோடியம் தனியே நுழையாது. குளுக்கோஸ் சர்க்கரையும் தனியே நுழையாது. இரண்டும் ஜோடியாக வந்தால் கதவு திறக்கும். இரண்டும் போனால் பின்னால் தண்ணீரும் போகும். தாழ்ப்பாளுக்கும் இந்தக் கதவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே காலரா விஷம் அந்தப் பக்கத்தில் எவ்வளவு ஆப்பு அடித்தாலும் இந்தப் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கிறது! உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயால் கொடுத்தே நோயாளிகளைப் பிழைக்க வைக்கலாம் என்று டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இளம் அமெரிக்க டாக்டர்கள் 1968-இல் காட்டினார்கள். இதற்கெல்லாம் முன்னால், 1953-லேயே, கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற டாக்டர் இப்படிக் குடிக்கக் கொடுத்துப் பலரைக் குணப்படுத்தி, லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதியிருந்தார். படித்தவர்கள் கவனிக்கவில்லை.

1971 வந்தது. கிழக்கு வங்காளத்தில் யுத்தம். சுமார் ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். கூடவே காலராவும் வந்தது. எல்லையோரத்து ஊரான பன்காவோனில் மருத்துவ மனையின் தரையில் நோயாளிகள் கிடந்தார்கள். ஊசி மூலம் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பேற்றிருந்த டாக்டர் திலீப் மகலனாபீஸ் ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் ஸோடா 2.5 கிராம் என்ற கணக்கில் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்து, தண்ணீரில் கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நர்ஸுகள் போதவில்லை. நோயாளிகளின் தாய்மாரும் தங்கைமாருமே கோப்பையில் பிடித்துக் கொடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில், மாண்டவர் தொகை நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த வருஷ முடிவில்தான் ஸ்வீடனில் ஸதர்லாண்ட் இரண்டாம் தூதனுக்காகப் பரிசு வாங்கினார். அந்தத் தூதனுடைய ஓயாத ஓட்டத்தைப் பன்காவோன் கூடாரங்களில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் ஒரு கோப்பையால் வென்றுகொண்டிருந்தார்கள்.

மகலனாபீஸ் 2022-இல் காலமான பிறகு, 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தார்கள். சம்புநாத் டேக்கு அதுவும் இல்லை. 1978-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் ஸ்தாபனம் காலராவைப் பற்றிக் கூட்டிய மாநாட்டுக்கு அவரை அழைத்துப் பேசச் சொன்னார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அதே பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் சிபாரிசு செய்தார். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் தரவில்லை. 1985-இல் அவர் இறந்தார். 1990-இல் பெங்களூர் 'கரண்ட் ஸயன்ஸ்' சஞ்சிகை அவருக்கென்று ஒரு தனி இதழ் போட்டது. அந்நியர் சொன்ன பிறகே நம்மவரை நாம் மதிப்போம் என்று ஒரு பழைய புகார் உண்டு. டே விஷயத்தில் அந்நியர் சொன்ன பிறகும் நமக்குக் காது கேட்கவில்லை.

காலரா பழங்கதையாகிவிடவில்லை. ஏமன் தேசத்தில் 2017 முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் அந்நோய் கண்டதாகக் கணக்கிட்டார்கள். காலரா அல்லாத வேறு பேதிகளும் குழந்தைகளை வாட்டத்தான் செய்கின்றன. அவற்றுக்கும் இதே நீர்தான் முதல் துணை. மருந்துக் கடையில் 'ஓ. ஆர். எஸ்.' என்று கேட்டால் பொட்டலம் கிடைக்கும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சிறு கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் போதும். உப்பு அரைக் கரண்டிக்கு மேற்பட்டால் குழந்தைக்கு ஆபத்து. கைக்கணக்கு உதவாது, அளந்தே போடுங்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவு குடலில் குளுக்கோஸாகப் பிரிந்து அதே கதவைத் திறக்கிறது. நம் பாட்டிமாருக்கு ஸோடியமும் குளுக்கோஸும் தெரிந்திருந்தன என்று மார்தட்ட வேண்டாம். கஞ்சி காய்ச்சத் தெரிந்திருந்தது, அதுவே பெரிய காரியம். கண் குழிந்தாலும், குழந்தை சோர்ந்து துவண்டாலும், பல மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள். கொடுத்ததைக் குழந்தை கக்கிவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்து, முன்னைவிட மெதுவாக, சிறு கரண்டி சிறு கரண்டியாக மறுபடியும் தொடங்குங்கள்.